டிக் அடிக்காத பட்டறை

டிராக் நாளுக்கு, அதாவது பந்தயச் சுற்றில் நம் பைக்கை ஓட்டும் நாளுக்கு, வண்டியைத் தயார் செய்ய சென்னைப் பக்கம் இடம் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே மதிப்பிடும் பட்டறைக்குப் போனால் வண்டியின் வேகம் இம்மியும் கூடாது. சைலன்சர் மாற்றித் தர மாட்டார்கள், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் கைவைக்க மாட்டார்கள், விலை உயர்ந்த ஏர் ஃபில்டரைத் தலையில் கட்ட மாட்டார்கள். 4,500 ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு, வண்டியிலிருந்து சில சாமான்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, சில போல்ட்டுகளில் கம்பி கட்டி, கடைசியில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடம் பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைக்கு அருகே, பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "பலகை மாட்டினால் சத்தம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள் சார்" என்றார் உரிமையாளர். எல்லோரும் அவரை பாய் என்று அழைக்கிறார்கள், நானும் அப்படித்தான். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே போடவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டி கொண்டுபோகிற யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டறையிலிருந்து டிராக் அரை மணி நேரத் தொலைவுதான்.

பாய்க்கு இந்த வேலை புதிதில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ஆம் ஆண்டு தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் அமைத்து 1990இல் அங்கே போகும்வரை சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மீசை முளைக்கும் வயதில் பாய் அங்கே பெட்ரோல் கேன் தூக்கியவர். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாறியிருக்கும் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள் கொண்ட அந்தச் சுற்றில் எந்த வண்டியில் எது முதலில் கழன்று விழும் என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

நான் பிழைப்புக்குச் செய்வது கணக்குத் தணிக்கை. அதனால் ‘சரி’ என்று டிக் அடித்த தாளைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம்தான் வரும். இதற்கு முன்பு நகரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் மையத்தில் டிராக் நாளுக்கான முழுச் சோதனை என்று பணம் கட்டியிருந்தேன். வண்ணத்தில் அச்சடித்த அழகான படிவம் கொடுத்தார்கள். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் டிக். ‘டயர் அழுத்தம்’ என்ற வரியிலும் டிக். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் சக்கர வால்வு மூடியின்மேல் படிந்திருந்த சாலைப் புழுதி அப்படியே இருந்தது, ஒரு விரல் தடம்கூட இல்லாமல். மூடியைத் தொடாமல் அழுத்தத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவில்லை.

பாயின் தாள் வேறு ஜாதி. ஏ4 அளவில் இரண்டு பக்கம், கார்பன் வைத்து எழுதியது, ஒரு பிரதி அவரிடம். ஐந்து பத்திகள்: பாகம், அளந்த அளவு, எல்லை, செய்த வேலை, செய்தவர் கை. டிக் அடிக்க இடமே இல்லை. முன் பிரேக் பேட் என்ற வரியில் ‘இடது 3.8, வலது 3.7 மி.மீ.’ என்று இருக்கும். செயின் தளர்வு என்ற வரியில் ‘இறுக்கமான இடத்தில் 33, தளர்ந்த இடத்தில் 36’ என்று இருக்கும். அளக்க முடியாதவற்றுக்கு எப்படிச் சோதித்தார் என்று எழுதுகிறார். ஆக்சிலேட்டர் வரியில் ‘ஹேண்டில் முழு இடது, நடு, முழு வலது, மூன்றிலும் விட்டவுடன் தானே மூடுகிறது’ என்று இருந்தது. ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஆக்சிலேட்டர் மூடாமல் நின்றுவிட்டால் திருப்பத்தின் நடுவில் என்ன ஆகும் என்பதை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண் இருந்தால் நான் அதை மறுபடி அளந்து பார்க்கலாம். அளந்தும் பார்த்தேன். செயின் தளர்வு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒத்துவந்தது.

என் வண்டி டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. 2017 டிசம்பரில் வந்த முதல் தலைமுறை. சாலையில் தினமும் ஓடுகிற வண்டி என்பதால் கழற்ற வேண்டியதும் மாட்ட வேண்டியதும் அதிகம். பக்கக் கண்ணாடிகள், இண்டிகேட்டர்கள், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்ட், சேலைத் தடுப்பு, இருக்கைக்கு அடியிலுள்ள கருவிப் பை எல்லாம் வெளியே வரும். கீழே விழுந்தால் தரையைக் கொத்துகிற எதுவும், பின்னால் வருகிறவன் பாதையில் சிதறுகிற எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை. அதனால்தான் சாலையில் காலைக் காப்பாற்றும் என்று நாம் மாட்டி வைத்திருக்கும் கிராஷ் கார்டை டிராக்கில் அனுமதிப்பதில்லை. சறுக்கிப் போக வேண்டிய வண்டியை அது தரையில் ஊன்றிப் புரட்டிவிடும். முகப்பு விளக்குக்கும் பின்விளக்குக்கும் டேப் ஒட்டுகிறார்கள். பின்விளக்கில் பிரேக் வெளிச்சம் தெரியாதபடி ஃபியூஸையும் எடுத்துவிடுகிறார். முன்னால் போகிறவன் பிரேக் விளக்கைப் பார்த்து நாமும் பிரேக் பிடிக்கத் தொடங்கினால் நம் பாதையையே மறந்துவிடுவோம் என்பது அவர் கட்சி. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி ஜிப் பையில், மேலே மார்க்கரில் பெயரோடு, பெட்டிக்குள் போகிறது. இந்த ஒழுங்கை நான் பெரிய அலுவலகங்களிலும் அதிகம் கண்டதில்லை.

பிரேக் வேலை இந்தக் கூலியின் நெஞ்சுப்பகுதி. சாலைப் பழக்கத்தில் பிரேக் ஆயிலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 4 தரம் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சென்னையின் கடல்காற்றில் ஈரம் ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? டிராக்கில் நேர்கோட்டின் முடிவில் சுற்றுக்குச் சுற்று முழு வேகத்திலிருந்து பிடிக்கும்போது, பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். லீவர் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில் வரைக்கும் வந்துவிடும். பாய் பழைய ஆயிலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் காட்டினார். நீர்த்த டீ நிறத்தில் இருந்தது. டாட் 5.1 போடலாமே, அதன் எல்லை 260 டிகிரி ஆயிற்றே என்று கேட்டேன். போடலாம், ஆனால் எந்தத் தரம் போட்டாலும் ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்பாகப் புதிதாக மாற்றுவதுதான் முக்கியம் என்றார். காற்றை வெளியேற்றி முடித்தபின் முன் லீவரை ஹேண்டிலோடு சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டி இரவு முழுக்க விட்டுவைக்கிறார். காலையில் மறுபடி ஒருமுறை காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து பார்க்கிறார். அந்த இரண்டாவது திறப்பையும் தாளில் நேரத்தோடு எழுதியிருந்தார்.

பிரேக் பேடுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் குறைந்தபட்சத் தடிமனை அவர் பொருட்படுத்துவதில்லை. அவர் எல்லை 3 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் வெப்பம் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் ஏறுகிறது என்பது காரணம். சாலையில் இன்னும் பல மாதம் ஓடக்கூடிய பேடைத் தூக்கிப் போடச் சொல்கிறாரே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கழற்றிய பேடையும் பெட்டியில்தான் போட்டுத் தருகிறார். திரும்பி வந்தபின் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

கம்பி கட்டுவதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். என்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் ஃபில்டர் மூடியின் போல்ட்டுகள், முன் காலிப்பர் போல்ட்டுகள் ஆகியவற்றுக்குக் கட்டுகிறார். போல்ட்டைக் கழற்றி வைஸில் பிடித்து, தலையின் மூலையில் சாய்வாக ஒன்றரை மில்லிமீட்டர் துளை. தினமும் பலமுறை செய்கிற வேலை என்றாலும் துளையிடும்போது பேசமாட்டார். பிட் உடைந்து உள்ளே சிக்கினால் போல்ட் போனது. பிறகு போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு, 0.8 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை உள்ளே விட்டு, இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து முறுக்குகிறார். அதற்கென்று ஒரு குறடு இருக்கிறது. குமிழைப் பிடித்து இழுத்தால் அதுவே சுழலும். ஒரு அங்குலத்துக்கு ஏழு எட்டு முறுக்கு வர வேண்டும். கம்பி எந்தப் பக்கமாக போல்ட்டிலிருந்து வெளியே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போல்ட் தளர முயன்றால் கம்பி விறைத்து அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் அது வெறும் அலங்காரம். உதவியாளர் பையன் ஒருவன் ஃபில்டர் மூடிக்குக் கட்டியிருந்ததை பாய் ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இது எந்தப் பக்கம் இழுக்கிறது?" பையன் விரலை வைத்துத் திருப்பிப் பார்த்தான், எதுவும் சொல்லாமல் கத்தரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி எடுத்தான்.

ஆயில் போல்ட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று புதியவர்கள் கேட்பார்கள். அந்த ஒரு போல்ட் கழன்றால் என்ஜின் ஆயில் நேராக உங்கள் பின் டயர்மேலும், பிறகு பின்னால் வருகிறவர்கள் ஓடும் பாதையிலும்தான் கொட்டும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் கதையும் அதேதான். கடையில் விற்கும் பச்சை, சிவப்பு கூலன்ட்டில் கிளைகால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தார்மேல் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காய்ந்தும் தொலையாது. அதனால் அதை முழுக்க வடித்து, ரேடியேட்டரை அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரை நிரப்புகிறார். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காதா என்று பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தம் தாங்கினால் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போய்விடும். உறைந்துபோகும் குளிர் நம் ஊரில் இல்லை. ஆனால் துருத் தடுப்பு இல்லாத வெறும் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அலுமினியத்தை அரிக்கும். இங்கே பாயிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்று தாளின் இரண்டாம் பக்கத்தில் எழுதுகிறாரே தவிர வண்டியில் எங்கும் ஒரு சீட்டு தொங்கவிடுவதில்லை. டிராக் முடிந்து நேராக வீட்டுக்குப் போய்விடுகிறவர் அதைப் படிப்பாரா?

ஸ்டீயரிங் தலைப் பேரிங் சோதனை எளிமையானது, எல்லோரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ‘டக்’ என்று எதுவும் தட்டவில்லை. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் தள்ளச் சொன்னார். நடுவில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்று, பிறகு நகர்ந்தது. பேரிங் பாதையில் குழி விழுந்துவிட்டது. நம் ஊர்ச் சாலைகளின் வேகத்தடைகளுக்கு நன்றி. சாலை வேகத்தில் இதை உணரவே முடியாது. திருப்பத்தில் சாய்ந்து வரும்போது வண்டி நேர்கோட்டுக்கே திரும்பத் திரும்ப ஓடப் பார்ப்பதற்கு டயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மாற்றினோம். பாகத்தை நானே புதுப்பேட்டையில் வாங்கி வந்து கொடுத்தேன்.

அவர் விற்பதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில், கம்பி, டேப் தவிர அந்தப் பட்டறையில் விலைக்கு எதுவும் கிடையாது. பேரிங் போயிற்று, டயர் போயிற்று என்று அவர் எழுதினால் அதில் அவருக்குக் காசு இல்லை. சோதிக்கிறவனே விற்பவனாக இருந்தால் அந்தச் சோதனையை எந்தத் தணிக்கையாளனும் ஏற்கமாட்டான். டிராக் நாளுக்கு வண்டி தயார் செய்து தருவதாக விளம்பரம் செய்யும் பல கடைகள் முதல் வரியிலேயே டயர் விலைப்பட்டியலை நீட்டுகின்றன. அவர்கள் ‘மாற்ற வேண்டும்’ என்று சொல்லும்போது வண்டி பேசுகிறதா கல்லாப்பெட்டி பேசுகிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

டயர் விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1120 என்றால் 2020ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். என் பின் டயரில் பட்டை நன்றாகவே இருந்தது, தேய்மானக் குறி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ‘செய்த வேலை’ பத்தியில் ‘டிராக்குக்கு வேண்டாம்’ என்று எழுதிவிட்டார். நான்கு வருடம் தாண்டினால் வேண்டாமாம். ரப்பரின் கடினத்தை அளக்கும் சிறிய மானி ஒன்றையும் குத்திக் காட்டினார். என் டயரில் 76, பக்கத்தில் நின்ற வண்டியின் புது டயரில் 64. மானி காட்டியதை ஏற்கிறேன். ஆனால் நான்கு வருடம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அனுபவம் என்றார். என் தொழிலில் அனுபவம் ஆவணம் ஆகாது. நிழலில் நின்ற வண்டியின் டயரும் வெயிலில் கிடந்த வண்டியின் டயரும் ஒரே வேகத்திலா கிழடாகும்? மானி எண்ணையே எல்லையாக வைத்துக்கொண்டால் போதாதா? அவர் மசியவில்லை. டயரை மாற்றாவிட்டால் தாளில் கடைசிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முடித்துவிட்டார். கூலியில் பாதியைத் திருப்பித் தரவும் தயாராக இருந்தார். வேறு கடையில் டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். அந்த விதி முரட்டு விதி என்ற கருத்து இன்னும் மாறவில்லை. பணத்தைத் திருப்பித் தரத் துணிந்த மனிதர்மேல் மதிப்பு கூடியது என்பது தனி.

ரப்பர் வால்வைப் பக்கவாட்டில் வளைத்து அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு உள்ளே ரப்பர் வளையமுள்ள உலோக மூடி போடுவதும் இந்தக் கூலிக்குள் அடக்கம். காற்றழுத்தத்துக்கு அவர் சொன்ன வழியை அப்படியே பின்பற்றினேன். காலையில் நிழலில் குளிர்ந்திருக்கும்போது 28 பிஎஸ்ஐ. முதல் ஓட்டம் முடித்து, டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் வந்த உடனே அளந்தால் 33 காட்டியது. சூடான அளவுதான் கணக்கு. காலையில் வைத்ததைப் பிறகு தொடாமலே நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் மத்தியானத் தார்ச் சூட்டில் டயர் வழுக்குகிறது என்று புலம்புவார்கள்.

டிராக்கில் அமைப்பாளர்களே வண்டியைச் சோதிக்கிறார்களே, இதற்குத் தனியாக ஏன் செலவு என்று கேட்கலாம். அந்தச் சோதனை நியாயமானது, கண்டிப்பானது, ஆனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். அங்கே சோதித்தவர் கம்பிகளை விரலால் இழுத்துப் பார்த்தார், லீவர் முனைகள் உருண்டையாக இருக்கின்றனவா என்று தடவினார், ஆக்சிலேட்டரைத் திருகி விட்டார், கில் சுவிட்சை அமுக்கி என்ஜின் நிற்கிறதா என்று பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டினார். பேரிங்கில் குழி இருக்கிறதா, பிரேக் ஆயிலில் ஈரம் எவ்வளவு என்றெல்லாம் அவரால் பார்க்க முடியாது. எனக்கு முன்னால் நின்ற பையனின் வண்டியில் பச்சைக் கூலன்ட் இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டிகளைத் தயார் செய்யும் பேடாக்கில் குந்தியபடி ஹோஸைக் கழற்றி வாளியில் வடித்துக்கொண்டிருந்தான். முதல் ஓட்டம் போயிற்று, அதற்குக் கட்டிய பணமும் போயிற்று.

இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துப் பாகம்வரை மஞ்சள் மார்க்கரில் ஒரு கோடு இழுத்து வைக்கிறார் பாய். போல்ட் சுற்றினால் கோடு உடையும். ஓட்டங்களுக்கு நடுவே தண்ணீர் குடித்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், ஸ்பேனர் வேண்டாம். அன்று மத்தியானம் வலது கால்வைப்புத் தகட்டின் கீழ் போல்ட்டில் கோடு உடைந்திருந்தது. மயிரிழைதான். பக்கத்துப் பிட்டில் கருவி வாங்கி இறுக்கிவிட்டு, தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் எண்ணோ சோதித்த விதமோ இல்லாத ஒரே வரி அதுதான். ‘கால்வைப்புத் தகடு: இறுக்கியாயிற்று.’ செய்தவர் கை என்ற இடத்தில் பையனின் பெயரின் முதல் எழுத்து. திரும்பிப் போனபோது பாயிடம் அந்த வரியைக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை, பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த முறை வாங்கிய தாளில் அந்த இடத்தில் எண் இருந்தது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் வண்டி கிடைக்காது. வியாழன் என்றால் சனி மாலை. டிராக் நாள் ஞாயிறு என்றால் இது ரத்தக்கொதிப்பை ஏற்றுகிற சமாச்சாரம். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் பெரும்பாலும் பூனை. காலிப்பர் கம்பியின் வால் முனை ஒன்றை உட்பக்கம் மடக்காமல் விட்டிருந்தார்கள். வண்டி கழுவும்போது விரலைக் கிழித்தது. கிளட்ச் லீவரின் கோணத்தைக் கேட்காமலே மாற்றிவைத்திருந்தார், அவர் உயரத்துக்கு அது சரி, எனக்கு இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்டால் சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

ஓட்டுகிறவரின் உடையை அவர் பார்ப்பதில்லை. அது தன் வேலை இல்லை என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வண்டியை இவ்வளவு பார்க்கிறவர், ஹெல்மெட் முகம் முழுக்க மூடுவதா, தாடைப் பட்டை இரட்டை வளையமா, தோல் உடை இரண்டு துண்டாக இருந்தால் இடுப்பில் முழுச் சுற்றும் ஜிப் இருக்கிறதா என்று இன்னும் நாலு வரி சேர்த்தால் தாள் ஒன்றும் கனத்துவிடாது. இதில் ஏதாவது ஒன்று இல்லாததால் ஆளே ஓட முடியாமல் போவதைப் பேடாக்கில் பார்க்கலாம்.

கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு டிராக்குக்குப் போக முடியாது, போகவும் கூடாது. பட்டறை வாசலிலேயே ஒரு குட்டி யானைக்காரர் இருக்கிறார். இரண்டு வண்டி ஏற்றலாம், நண்பரோடு பங்கு போட்டால் கட்டுப்படியாகும். பெல்ட் போட்டுக் கட்டும்போது ஃபோர்க்கை அடிமட்டம் வரை அமுக்கிக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் அதன் ஆயில் சீலுக்குக் கேடு. வரும்போது டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும், கழற்றித் தூக்க வேண்டியிருக்கும்.

சோதனையும் தாளும் மட்டும் போதும், கழற்றல் மாட்டலை நாமே செய்துகொள்கிறோம் என்றால் 1,800 ரூபாய்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். முதல்முறை போகிறவர்கள் முழுத் தொகையும் கட்டிவிட்டு, கம்பி கட்டும்போது கூட உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், பாய் விரட்டமாட்டார். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2.1 கிலோமீட்டர்தான் சுற்று என்பதால் செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் பற்றி அவருக்குச் சொல்ல வேறு யோசனை இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். டிராக் தேதிக்குப் பத்து நாள் முன்பாகவே வண்டியை விட்டுவிட வேண்டும். திரும்ப மாட்டுவதும் கூலன்ட் மறுபடி நிரப்புவதும் அதே கூலியில் சேர்ந்தவைதான், அதற்காகத் தனியாக வாங்கமாட்டார். ஆனால் திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள். ஞாயிறு ஓடிவிட்டு வந்த வண்டிகள் சந்து முழுக்க வரிசையில் நிற்கும், கண்ணாடி மாட்டுவதற்கே சாயங்காலம் ஆகிவிடும்.